ஏழே முக்கால் எக்ஸ்பிரஸில் போன பால்

ஜெயராணி கண்டக்டராகச் சேர்ந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. அவள் புருஷன் மரிய ஆல்பர்ட் டிரைவராக இருந்தவன். மஞ்சள் காமாலை முற்றிப் போய்ச் சேர்ந்துவிட்டான். வாரிசு வேலைக்காக மூன்று வருஷம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்த பிறகு, அவள் தோளில் ஒரு தோல்பையை மாட்டி, கையில் டிக்கெட் மிஷினைக் கொடுத்து, துறையூரிலிருந்து பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாகக் கும்பகோணம் போகும் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டார்கள். வரதராசன்பேட்டை வீட்டைப் பூட்டிவிட்டு, ஏழாவது படிக்கும் மகளோடு துறையூரில் ஒரு போர்ஷன் பிடித்துத் தங்கினாள்.

பொம்பளை கண்டக்டர் என்றால் எல்லோர் கண்ணும் அவள் மேல்தான். இரண்டாவது மாதத்தில் ஒரு பெரியவருக்கு ஒரு ஸ்டேஜ் குறைத்து டிக்கெட் அடித்துவிட்டாள். அன்றைக்கென்று செக்கிங் ஏறினார்கள். மெமோ வந்தது. அதிலிருந்து அவள் ரூல் என்ன சொல்கிறதோ அதற்கு இந்தப் பக்கமும் போக மாட்டாள், அந்தப் பக்கமும் போக மாட்டாள். பேரளியில் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறவர்களிடம், இது எக்ஸ்பிரஸ், அடுத்து வரும் ஆர்டினரியில் வாங்க என்று முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடுவாள்.

டிரைவர் சாமிதுரைக்கு ரிட்டையராக இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் பேசுகிற வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். தன்னோடு வண்டி ஓட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை போல என்றுதான் ஜெயராணி நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு வண்டி பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றதும், முப்பது முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு தெர்மாகோல் பெட்டி. மருந்துக்கடையில் ஊசி மருந்தை ஐஸ் வைத்துக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் தன் தம்பி வந்து வாங்கிக்கொள்வான், கொண்டுபோய்க் கொடுத்தால் போதும் என்றாள். உள்ளே என்ன என்றுகூட ஜெயராணி கேட்கவில்லை. ஆள் இல்லாமல் சாமான் ஏற்ற முடியாது என்றாள்.

அந்தப் பெண் வாக்குவாதம் பண்ணவில்லை. வந்த வழியை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு தானே ஏறி அரியலூருக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு, பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்தபடி உட்கார்ந்தாள்.

பேரளி தாண்டி எல்லோருக்கும் டிக்கெட் போட்டு முடித்த பிறகு ஜெயராணிக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய் நின்று விசாரித்தாள். அந்தப் பெண்ணின் பெயர் பரிமளா. விக்கிரமங்கலத்தில் வாக்கப்பட்டவள். அவள் தம்பி சக்திக்கு வாலிகண்டபுரத்தில் வீடு, பெயிண்டர் வேலை. தம்பி பொண்டாட்டி வெற்றிச்செல்விக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதத்திலேயே பிரஷர் எகிறி, சனிக்கிழமை பெரம்பலூரில் ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. ஆயிரத்து நூற்றி எண்பது கிராம். குறைமாசக் குழந்தைகளை வைத்துப் பார்க்கிற வார்டு அரியலூரில் இருந்ததால் அன்றைக்கு மத்தியானமே நூற்றியெட்டில் ஏற்றி அங்கே கொண்டுபோய்விட்டார்கள். வெற்றிச்செல்விக்குப் பிரஷர் இறங்கவில்லை, அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் அவள் பெரம்பலூரிலேயே கிடந்தாள். அவளுக்குத் தாய் இல்லை. ஆக, குழந்தைக்குத் துணை சக்தி, தாய்க்குத் துணை பரிமளா.

பெட்டிக்குள் இருந்தது தாய்ப்பால். அந்தப் பிஞ்சுக்கு இதுதான் மருந்து, ஒரு சொட்டு ஆனாலும் அனுப்புங்கள் என்று வார்டு நர்ஸ் சொல்லியிருந்தார். இரண்டு நாள் சக்தியே பைக்கில் வந்து வாங்கிப் போனான். ஆனால் கையெழுத்து வேண்டும், மருந்து வேண்டும் என்று வார்டில் எந்த நேரமும் கூப்பிடுவார்கள்; ஆள் அங்கேயே இருந்தாக வேண்டும். அதனால்தான் பஸ்ஸில் கொடுத்துவிடலாம் என்று வந்தாளாம். பரிமளா இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

அரியலூரில் சட்டையெல்லாம் பெயிண்ட் தெறித்த ஒருவன் வண்டி நிற்பதற்குள் படியில் கால் வைத்துப் பெட்டியை வாங்கிக்கொண்டு ஓடினான். பரிமளா திரும்பிப் போகிற பஸ்ஸைத் தேடிக்கொண்டு போனாள்.

மறுநாளும் அதே இடத்தில் பெட்டியோடு நின்றாள். இந்தத் தடவை கேட்கவே இல்லை. நேராக ஏற வந்தாள். இப்போ அந்தப் பொண்ணுகிட்ட யார் இருக்கா என்று கேட்டாள் ஜெயராணி.

"யாருமில்லைங்கக்கா" என்றாள் பரிமளா. முந்தின நாள் அவள் திரும்பிப் போவதற்குப் பத்தரை மணி ஆகிவிட்டதாம். அதற்குள் வெற்றிச்செல்வி தனியாகப் பாத்ரூம் போய், தலை சுற்றி, ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்த ஒரு அம்மாதான் பார்த்துத் தூக்கிவிட்டிருக்கிறார். "நான் வர்ற வரைக்கும் எந்திரிக்காம படுத்தே கெடன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

ஜெயராணி கையை நீட்டிப் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"நீ எறங்கு. தம்பி நம்பரச் சொல்லு."

லக்கேஜ் டிக்கெட் ஒன்று அடித்து மூடியின் டேப்புக்கு அடியில் செருகினாள். வெயில் படாத இடமாகத் தன் சீட்டின் மேல் பெட்டியை வைத்தாள். அரியலூர் வரைக்கும் நின்றுகொண்டே போனாள். கண்ணாடியில் சாமிதுரை ஒருதரம் பார்த்தார்.

மறுநாளைக்கு மறுநாள், கும்பகோணத்தில் டீ குடிக்கும்போதுதான் கேட்டார், பெட்டியில் என்ன என்று. ஜெயராணி எல்லாம் சொன்னாள். அவர் டீயைக் குடித்து முடித்து, கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த நாள் காலை பேரளி ஸ்பீடு பிரேக்கரில் வண்டி எறும்பு மாதிரி ஊர்ந்தது. அடுத்ததிலும் அப்படியே. கடைசி சீட்டில் இருந்த ஒருவர், வண்டியில் ஏதாவது கோளாறா என்று கேட்டேவிட்டார். ஜெயராணிக்குப் புரிந்துவிட்டது. முன்னால் போய், மூடி டைட்டாகத்தான் இருக்கிறது, பால் தளும்பாது என்று மெல்லச் சொன்னாள். தெரியும் என்றார் சாமிதுரை. அடுத்த பிரேக்கரிலும் ஊர்ந்துதான் போனார்.

ஒரு நடை பால் போதவில்லை. மத்தியானமும் சாயங்காலமும் வேண்டும். சேலத்திலிருந்து அந்த வழியாக வரும் வண்டியில் கண்டக்டராக இருந்த செபஸ்டினிடம் ஜெயராணி கேட்டாள். அவர் உடனே சரி என்றார். பெரம்பலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நாள் முழுக்கப் போய் வரும் வண்டியில் அறிவரசன் இருந்தான். சின்ன வயசு, போன வருஷம் சேர்ந்தவன். வழியில் கெட்டுப்போனால் தன் தலையில்தானே விழும் என்று முதலில் தயங்கினான். ஐஸ் எத்தனை மணி நேரம் தாங்கும், எங்கே வைக்க வேண்டும் என்று ஜெயராணி உட்கார வைத்துச் சொன்ன பிறகு ஒத்துக்கொண்டான். இப்படி மூன்று வண்டியில் மூன்று வேளை பால் அரியலூருக்குப் போனது. காலிப் பாட்டில் திரும்பி வந்தது.

பாட்டிலோடு ஒரு சேதியும் வரும். காலையில் குழந்தையை எடை போட்டதும் சக்தி அதை ஜெயராணியிடம் சொல்லுவான். முதல் நாலு நாள் எடை இறங்கிக்கொண்டே போனது. ஆயிரத்து நூற்றி இருபது என்று அவன் சொன்ன அன்றைக்கு ஜெயராணிக்கு அப்புறம் யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை. பிறகு ஒரு நாள் பத்து கிராம் ஏறியது. தினமும் வரும் டீச்சரம்மா ஒருத்தர் அதைக் கேட்டுப் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்ல, வண்டி ஜெயங்கொண்டம் போவதற்குள் முன்பாதி முழுக்கத் தெரிந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. பெட்டி போகத் தொடங்கிய ஆறாவது நாள் பரிமளா பெட்டியைக் கொடுக்கும்போது முகம் சரியில்லை. பால் குறைந்துவிட்டது. பாட்டிலில் அடி நனைகிற அளவுக்குத்தான் இருந்தது. வெற்றிச்செல்வி இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் உட்கார்ந்து முயற்சி பண்ணுகிறாள், வராமல் அழுகிறாள், அழுதால் பிரஷர் ஏறுகிறது என்றாள். சாயங்காலம் அறிவரசன் கொண்டுபோன பாட்டிலிலும் அப்படித்தான்.

சக்தி இதை வார்டு நர்ஸிடம் சொல்லியிருக்கிறான். அந்த அம்மா யோசித்துப் பார்த்து, குழந்தையின் தலைக்குக் கீழே ஒரு சின்ன பருத்தித் துணியை மடித்து வைத்தார். ஒரு ராத்திரி முழுக்க அது அங்கேயே இருந்தது. மறுநாள் மத்தியானம் கும்பகோணத்திலிருந்து திரும்பும் வண்டி அரியலூரில் நின்றபோது, சக்தி அந்தத் துணியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஜெயராணியிடம் கொடுத்தான். இதை அவள் கையில் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொல்லணுமாம் என்றான். சொல்லும்போது அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பெரம்பலூரில் பரிமளா வரவில்லை. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்திருக்கிறார், நகர முடியவில்லை என்று போன் பண்ணினாள். ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில்தான். வண்டிக்கு அங்கே எட்டு நிமிஷம் நேரம் உண்டு. ஜெயராணி கவரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"போய்க் குடுத்துட்டு வாம்மா. டைம் கீப்பர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார் சாமிதுரை.

காக்கிச் சட்டையும் பையுமாக அவள் வார்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பரிமளா கையைக் காட்டினாள். கட்டிலில் இருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. முகம் வீங்கியிருந்தது. புறங்கையில் ஊசி குத்தி ஒட்டியிருந்தார்கள். ஜெயராணி துணியை எடுத்து அவள் மடியில் வைத்து, குழந்தையின் தலைக்குக் கீழே கிடந்தது என்று சொன்னாள்.

வெற்றிச்செல்வி அதைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்க பாப்பாவப் பாத்தீங்களாக்கா?"

"இல்லம்மா. நான் பஸ் ஸ்டாண்டோட சரி."

"நானும் பாக்கல" என்றாள் அவள். மயக்கம் தெளிவதற்குள் கொண்டுபோய்விட்டார்கள். போனில் பார்த்ததுதான், அதிலும் குழாயும் டேப்பும்தான் தெரிந்தது. முகம் தெரியவில்லை.

துணியை எடுத்து மூக்கில் வைத்தாள். டெட்டால் வாசம்தான் வருகிறது என்றாள் ஏமாற்றமாக. மடிப்பைப் பிரித்துத் திருப்பினாள். ஒவ்வொரு மூலையாக முகர்ந்துகொண்டே வந்தவள் ஒரு மூலையில் நின்றுவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"இங்க இருக்கு" என்றாள்.

துணியை முகத்தோடு வைத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் நைட்டியின் முன்பக்கம் நனைந்து பரவுவதை முதலில் பார்த்தது பரிமளாதான். பாட்டிலைத் தேடிக்கொண்டு ஓடினாள். ஜெயராணி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்துவிட்டாள். படியில் இறங்கும்போது அழுகை வந்தது. அழுதுகொண்டே தெருவைத் தாண்டி, பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வண்டி நாலு நிமிஷம் லேட். சாமிதுரை ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை.

மறுநாள் காலை பரிமளா டேப்பைப் பிரித்து, மூடியைத் திறந்து, பாட்டிலை ஜெயராணிக்குக் காட்டிவிட்டு மறுபடியும் ஒட்டிக் கொடுத்தாள். கழுத்து வரைக்கும் இருந்தது. அதிலிருந்து இரண்டு நாளைக்கு ஒரு துணி பெரம்பலூருக்கு வரும்.

பத்தாவது நாள் வாரணவாசிக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த லாரி ஒன்று பைக்கில் போனவரை அடித்துவிட்டதாம். கால் முறிந்துவிட்டது. ஸ்பீடு பிரேக்கர் போடும்வரை எழுந்திருக்க மாட்டோம் என்று ஊர் ஜனம் மறியலில் உட்கார்ந்துவிட்டது. அரை மணி நேரம் போனது. சக்தி இரண்டு தடவை கூப்பிட்டான். ராத்திரிப் பால் விடியக்காலை ஆறு மணிக்கே தீர்ந்துவிட்டது, அடுத்த வேளைக்கு இல்லை என்றான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

டியூட்டியில் கண்டக்டர் வண்டியை விட்டுப் போகக் கூடாது. அது ஜெயராணிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். சாமிதுரை கதவைத் திறந்துவிட்டார்.

லாரிகளின் நிழலோரமாக ஒரு கிலோமீட்டர் நடந்தாள். ரோட்டின் குறுக்கே குடையும் குடமுமாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இருந்த பொன்னம்மாள் என்ற பெரிய அம்மா கையை நீட்டித் தடுத்தார். காக்கியைப் பார்த்ததும் சமாதானம் பேச அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். கலெக்டர் வந்தால்தான் பேச்சு, வேறு யாரும் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றார்.

"நான் பேச வரலைங்கம்மா. இதுல தாய்ப்பால் இருக்கு. குறைமாசப் புள்ளைக்கு" என்றாள் ஜெயராணி.

பொன்னம்மாள் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்திருக்கும். எழுந்து நின்று, வழி விடுங்கடி என்று பின்னால் திரும்பிச் சொன்னார். ஒவ்வொருத்தியாகக் காலை மடக்கிக்கொள்ள, நடுவில் ஒரு ஆள் போகிற அளவுக்குப் பாதை கிடைத்தது. அவரே கூட நடந்து மறுபக்கம் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். அங்கே நின்ற பஸ்களில் ஒன்று அரியலூருக்கே திரும்பிப் போக ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அறிவரசனின் வண்டி. ஜெயராணி ஜன்னலில் தட்டிப் பெட்டியைக் கொடுத்தாள். முன்பு தயங்கியவன் இப்போது அதை மடியிலேயே வைத்துக்கொண்டான். ஒன்பதரைக்குப் பெட்டி வார்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அவள் திரும்பி வருவதற்குள் வண்டியில் யாரோ போனில் படம் பிடித்து, கண்டக்டர் பஸ்ஸை அநாதையாக விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று எழுதி டெப்போவுக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டு நாளில் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. ஜெயராணி நடந்ததை நடந்தபடி எழுதினாள். எழுதிக்கொண்டுபோய்க் கொடுக்கும்போதுதான் தெரிந்தது, அதற்கு முன்பே சாமிதுரை தனியாக ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தார். ரோடு மறியலில் வண்டி நகர வழியில்லை, நான்தான் போகச் சொன்னேன், தப்பு என்றால் என் பெயரில் போடுங்கள் என்று. மானேஜர் இரண்டையும் படித்தார். இனிமேல் போனிலாவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் என்றார். அதோடு விட்டுவிட்டார்.

வெளியே வந்ததும், நீங்கள் போகச் சொல்லவே இல்லையே அண்ணே என்றாள் ஜெயராணி.

"கதவத் தொறந்தேன்ல" என்றார் அவர்.

பதினான்காவது நாள் காலையிலேயே வெற்றிச்செல்வியை டிஸ்சார்ஜ் பண்ணினார்கள். வீட்டுக்குப் போகாமல் பரிமளாவோடு நேராக ஏழே முக்கால் வண்டிக்கு வந்தாள். சாமிதுரை முதல் சீட்டில் துண்டைப் போட்டு ஆள் உட்காராமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி ஏறி உட்கார்ந்தாள். அரியலூர் வரும் வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். அங்கே சக்தி அவளைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிப்போனான். ஜெயராணியால் கூடப் போக முடியவில்லை. ஐந்து நிமிஷத்தில் வண்டியை எடுத்தாக வேண்டும். வார்டில் நடந்ததைப் பரிமளா சாயங்காலம் போனில் சொன்னாள். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ரொம்ப நேரம் குனிந்து பார்த்தாளாம். மூக்கு அப்படியே எங்கப்பா மூக்கு என்றாளாம். அப்புறம் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்தவள் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லையாம்.

குழந்தை வீட்டுக்குப் போக மேற்கொண்டு ஒரு மாதம் ஆனது. ஆயிரத்து எண்ணூறு தாண்டிய பிறகுதான் விட்டார்கள். அன்றைக்கு அவர்களுக்குக் கிடைத்தது செபஸ்டினின் வண்டி. குழந்தை நம்ம வண்டியில்தான் வந்தது, வாலிகண்டபுரம் ஸ்டாப்பிங் இல்லாவிட்டாலும் நிறுத்தி இறக்கிவிட்டேன் என்று அவர் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெயராணிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பெரம்பலூரில் வண்டி நின்றதும், புருஷனும் பொண்டாட்டியும் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தார்கள். எங்கேயும் போவதற்கு இல்லை. இந்த வண்டிக்காகத்தான் வந்தோம் என்றான் சக்தி. குழந்தைக்கு மகிழினி என்று பேர் வைத்திருந்தார்கள். வெற்றிச்செல்வி குழந்தையை ஜெயராணியின் கையில் வைத்தாள். தோல்பையைவிட லேசாக இருந்தது. தலை நிறைய முடி. தூங்கிக்கொண்டிருந்தது.

சாமிதுரை தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினார். தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து இரண்டு கையையும் கழுவினார். கைக்குட்டையைத் தேடி எடுத்துத் துடைத்துக்கொண்டார். அப்படியும் கையில் வாங்கவில்லை. துணிக்கு வெளியே தெரிந்த உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டுவிட்டு, போதும் என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

முழித்துப் பார்க்கும் என்று ஜெயராணி காத்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் அத்தனை ஹாரன் சத்தம், அத்தனை கூப்பாடு. குழந்தை அசையவில்லை. டைம் கீப்பர் விசில் ஊதிவிட்டார்.

"அடுத்த வாட்டி முழிச்சிருப்பாக்கா" என்றாள் வெற்றிச்செல்வி, குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டு.

வண்டி ரோட்டில் ஏறியது. ஜெயராணி பையைச் சரிசெய்துகொண்டு டிக்கெட் கேட்கத் தொடங்கினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, யார் குழந்தை, சொந்தமா என்று கேட்டார்.

"தெரிஞ்ச புள்ளதாங்க" என்றாள் ஜெயராணி. பிறகு, எங்கே போகணும் என்று கேட்டு, அரியலூர் ஒன்று அடித்துக் கொடுத்தாள்.